திருவாதிரை மங்கினால் தூசிதான் காரணமா?

கேள்வி: 2020 தொடக்கத்தில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் சிவப்பு நட்சத்திரமான திருவாதிரை (பெட்டல்ஜியூஸ்) மங்கியதற்குத் தூசி காரணம் என்றார்கள். அவ்வளவு சூட்டில் தூசி எப்படி உருவாகும்? மறுபடி மங்கினால் நானே கண்டறிய முடியுமா?

பதில்: நட்சத்திரத்தின் மேற்பரப்பில் தூசி உருவாவதில்லை. திருவாதிரையில் அங்கே சுமார் 3,600 கெல்வின்; எந்தத் துகளும் தாங்காது. வெளியேறும் வாயு 1,700 கெல்வின் அளவுக்கு ஆறும்போது அலுமினியம் ஆக்சைடு உறையத் தொடங்கும். 1,200-ஐ ஒட்டி சிலிக்கேட் வரும். நம் ஆற்று மணலுக்கு அது தூரத்துச் சொந்தம். ஆனால் ஆறினால் மட்டும் போதாது. தள்ளிப் போகப் போக வாயு நீர்த்துவிடும், அணுக்கள் முட்டிக்கொள்ளாமல் துகள் வளராது. முதிய ராட்சத நட்சத்திரங்கள் துடிப்பதால் அடர்ந்த வாயு மேலே எறியப்படுகிறது. அங்கேதான் தூசிக்கு வழி பிறக்கிறது.

என்ன தூசி என்பது மிச்சத்தைப் பொறுத்தது. கார்பனும் ஆக்சிஜனும் முதலில் கார்பன் மோனாக்சைடாகிவிடும். ஆக்சிஜன் மிஞ்சினால் சிலிக்கேட். கார்பன் மிஞ்சினால் கரியும் சிலிக்கான் கார்பைடும். திருவாதிரை முதல் ரகம்.

2020-இல் தூசி மட்டும் குற்றவாளி அல்ல. ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோள் ஹிமாவாரி-8 எடுத்த படங்களின் ஓரத்தில் திருவாதிரையும் விழுந்திருந்தது. அவற்றை ஆராய்ந்தபோது, தூசிக்கும் நட்சத்திரம் சுமார் 140 கெல்வின் குளிர்ந்ததற்கும் ஏறக்குறைய சம பங்கு என்று தெரிந்தது.

மங்கியதா என்பதை வெறுங்கண்ணே சொல்லும். டிசம்பர் முதல் மார்ச் வரை ரோகிணி (0.9), போலக்ஸ் (1.1), பெல்லாட்ரிக்ஸ் (1.6) ஆகிய நட்சத்திரங்களோடு ஒப்பிடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது பிரகாச எண்; எண் கூடினால் ஒளி குறைவு. திருவாதிரை வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருக்கும். 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கி, ஓரியனின் இரு தோள்களான திருவாதிரையும் பெல்லாட்ரிக்ஸும் ஒரே பொலிவில் தெரிந்தன. ஒப்பிடும் இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்போது பாருங்கள்; தாழ்ந்திருப்பதைக் காற்று மங்கலாக்கும். உற்றுப் பார்க்காதீர்கள், சிவப்பு நட்சத்திரம் பார்க்கப் பார்க்கப் பிரகாசமாவது போல ஏமாற்றும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிடுங்கள்.

காரணத்தைக் கண் சொல்லாது. நிறத்தையும் நம்ப முடியாது: நுண்தூசி நட்சத்திரத்தை மேலும் சிவக்க வைக்கும், பெரிய துகளோ எல்லா நிறத்தையும் ஒரேபோல மறைக்கும். கேமரா லென்ஸின் முன் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கீற்றணியைப் பொருத்தி, மங்குவதற்கு முன்பிருந்தே நிறமாலையைப் படம் எடுத்து வையுங்கள். 705 நானோமீட்டர் அருகே டைட்டானியம் ஆக்சைடு ஒளியை விழுங்குவதால் தெரியும் இருண்ட பட்டை ஆழமானால் நட்சத்திரம் குளிர்கிறது. பட்டை அப்படியே இருந்து ஒளி மட்டும் குறைந்தால், தூசியைச் சந்தேகிக்கலாம்.