காப்பாட்சியர் ஆவதற்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்

கேள்வி: என் மகள் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக (கியூரேட்டர்) வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே அவளுடைய ஆசை. இங்குள்ள ஒரு கல்வி ஆலோசனை நிலையத்தில் விசாரித்தோம். பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ. படித்தால் அங்கேயே வேலை உறுதி என்கிறார்கள். மொத்தம் 28 லட்சம் ஆகுமாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித் தருகிறார்களாம். அது கட்டுப்படியாகாது என்றால் ஆறு மாத ஆன்லைன் ‘கியூரேட்டர்’ சான்றிதழ் இருக்கிறது, அதற்கு ‘சர்வதேச அங்கீகாரம்’ உண்டு என்கிறார்கள். எதில் சேர்க்கலாம்? – ஒரு தந்தை, திருச்சி

பதில்: இரண்டிலும் வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அருங்காட்சியக வேலைக்கு ஏதோ ஒரே ஒரு படிப்பு இருக்கிறது, அதை முடித்தால் காப்பாட்சியர் நாற்காலி தயார் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆலோசனை நிலையங்களின் வியாபாரமே இந்த நினைப்பில்தான் ஓடுகிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-ல் தொடங்கிய நிறுவனம். அங்கே தொல்லியல், நாணயவியல், மானிடவியல், தாவரவியல், விலங்கியல், நிலவியல் என்று பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றன. பழம்பொருள்கள் கெடாமல் காக்கும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-லிருந்தே உண்டு. நாணயப் பிரிவுக்கு நாணயம் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், தாவரப் பிரிவுக்குத் தாவரவியல் படித்தவர் வேண்டும். ஆளெடுக்கும்போது முதலில் பார்ப்பது எந்தத் துறையில் முதுகலைப் பட்டம் என்பதைத்தான். காட்சிப்படுத்துவது, ஆவணப்படுத்துவது, இருப்பறையைப் பராமரிப்பது ஆகியவற்றைச் சொல்லித்தரும் அருங்காட்சியகவியல் அதற்கு மேல் வருவது. அது வேண்டாத படிப்பு என்று நான் சொல்லவில்லை. துறை அறிவு இல்லாமல் அதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மகள் முதலில் பண்டைய வரலாறும் தொல்லியலும், அல்லது கலை வரலாறு, இவற்றில் ஒன்றில் எம்.ஏ. படிக்கட்டும். அருங்காட்சியகவியல் அதற்குப் பிறகு வரட்டும். இல்லை, நேரடியாக அருங்காட்சியகவியலிலேயே எம்.ஏ. படித்தால்தான் மனம் ஆறும் என்றால், அதற்கும் நம் நாட்டிலேயே இடம் இருக்கிறது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952-லிருந்து இத்துறை நடக்கிறது. இந்தியாவில் அதுதான் முதல். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1959-லிருந்து இருக்கிறது. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி 1989-ல் தொடங்கிய நிறுவனம் இப்போது நொய்டாவில் இந்திய பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றுமே அங்கே உண்டு. எல்லாம் அரசு சார்ந்த இடங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு, விடுதி, சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் அவர்கள் சொன்ன 28 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. அந்த ஆலோசனை நிலையம் இந்தப் பெயர்களில் ஒன்றையாவது உங்களிடம் சொன்னதா? சொல்லியிருக்காது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஏனோ கண்டுகொள்ளாத வழி ஒன்று உண்டு. முதுகலை முடித்தவர்களுக்காக மாநிலத் தொல்லியல் துறை இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. கல்வெட்டும் தொல்லியலும் சொல்லித்தருகிறார்கள், மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் என்ற பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை எந்த அருங்காட்சியகமும் லேசில் விடாது. அந்தப் படிப்பை லண்டனில் தேடினாலும் கிடைக்காது. இந்தியத் தொல்லியல் துறையின் தொல்லியல் நிறுவனமும் இதேபோல் உதவித்தொகையோடு ஒரு பட்டயப் படிப்பு நடத்துகிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இருந்தாலும் விண்ணப்பித்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

எம்.ஏ. எடுக்கும்போது ஒரு பொறியில் சிக்காதீர்கள். பட்டத்தின் பெயரைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் எந்தப் பெயர் கேட்கப்பட்டிருக்கிறதோ, உங்கள் மகளின் சான்றிதழிலும் அதே பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இது அதற்கு இணையானது என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். பாடத்திட்டம் முக்கால்வாசி ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம். கவுண்டரில் இருப்பவர் பாடத்திட்டத்தைப் படிக்க மாட்டார், பெயரைத்தான் படிப்பார். ‘பாரம்பரிய மேலாண்மை’, ‘பண்பாட்டு ஆய்வுகள்’ என்று தனியார் பல்கலைக்கழகங்கள் புதுப்புதுப் பெயர்களில் பட்டம் கொடுக்கின்றன. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பில் இந்த ஒரு காரணத்துக்காகவே வெளியே வந்து அழுதவர்கள் உண்டு. ஆகவே சேருவதற்கு முன்பே பழைய அறிவிக்கைகளை இறக்கிப் பாருங்கள். தகுதிப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். வெளிநாட்டு ஓராண்டு எம்.ஏ. என்றால் இன்னும் ஒரு சுற்று: அது இந்திய முதுகலைக்குச் சமம்தான் என்று சமநிலைச் சான்று வாங்க வேண்டும். அதற்கான விதிமுறைகளை யுஜிசி 2025-ல் மாற்றியிருக்கிறது. அந்தச் சான்று வந்த பிறகும், பெயர் பொருந்துகிறதா என்ற முதல் கேள்வி அப்படியே இருக்கும்.

அடுத்து பிரிட்டன். அங்கே நல்ல துறைகள் இல்லாமல் இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத் துறை 1966-லிருந்து இயங்குகிறது, உலகம் முழுவதும் மதிப்புள்ளது. ஆனால் ஆலோசனை நிலையம் விற்றது படிப்பை அல்லவே, வேலையை. அந்த வேலைக் கணக்கைப் பார்ப்போம். படிப்பு முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை தேடும் விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அதற்குள் வேலை விசாவுக்கு மாறியாக வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. இளம் பட்டதாரிகளுக்குச் சலுகை வரம்பு உண்டு. அதுகூட முப்பதாயிரத்துக்கு மேல்தான். அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேரும் உதவியாளர் சம்பளம் அதற்கும் கீழே. அந்த ஊர்ப் பிள்ளைகளே சம்பளமில்லாத் தன்னார்வலர்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் துறை இது. ‘வேலை உறுதி’ என்று சொன்னவரிடம் எந்த அருங்காட்சியகம், என்ன பதவி, என்ன சம்பளம் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பேச்சு உடனே விடுதி வசதிக்கு மாறிவிடும்.

இப்போது அந்தக் காரணம். ‘நாங்கள் உங்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். வாங்குவது பல்கலைக்கழகத்திடம். ஒரு மாணவரைச் சேர்த்தால் இவ்வளவு என்று அங்கிருந்து கமிஷன் வருகிறது. கடன் ஏற்பாடு செய்தால் அதிலும் ஒரு பங்கு வரலாம். கமிஷன் தராத பரோடாவையும் கல்கத்தாவையும் அவர் வாயால் எதற்குச் சொல்லப் போகிறார்? மாப்பிள்ளை வீட்டாரிடம் தரகு வாங்கிக்கொண்டு பெண் வீட்டாருக்கு யோசனை சொல்லும் தரகர் இவர்.

ஆறு மாதச் சான்றிதழுக்கு அதிக வரி செலவிட மாட்டேன். மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது, வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது. காப்பாட்சியர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு இந்தியாவில் எதுவும் இல்லை. ஆகவே ‘உரிமம் பெற்ற கியூரேட்டர்’ என்று யாராவது சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடலாம். ‘சர்வதேச அங்கீகாரம்’ என்பார்கள். யார் அங்கீகரித்தது என்று கேட்டால் ஏதோ ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதைக் காட்டுவார்கள். சந்தா கட்டி உறுப்பினராவது வேறு, படிப்புக்கு அங்கீகாரம் வேறு. ஆர்வத்துக்குப் படிப்பதென்றால் படிக்கட்டும். வேலை விண்ணப்பத்தில் தகுதி என்ற கட்டத்தில் அதை எழுத முடியாது.

வெளிநாடே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இதைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. பொருள்களைப் பழுதுபார்த்துக் காக்கும் பாதுகாப்புத் துறைதான் அது. அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர் எல்லோருமே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இல்லை. ஒரு வெண்கலச் சிலையின் மடிப்பில் வெளிர்பச்சையாகப் பொடி உதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பச்சைக் களிம்பு சிலையைக் காக்கும். இந்தப் பொடி அப்படியல்ல. உலோகத்துக்குள் குளோரைடு புகுந்திருக்கிறது, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்து தின்கிறது என்று அர்த்தம். வெண்கல நோய் என்பார்கள். புளி போட்டுத் தேய்த்து ‘பளபள’ என்று ஆக்குபவர் அந்தச் சிலையைக் கொல்கிறார். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, அறையின் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஆய்வகத்தில் மேசைக்கு முன்னால் நின்று கற்க வேண்டியவை. நல்ல கருவிகளும் நல்ல ஆசிரியர்களும் உள்ள வெளிநாட்டு ஆய்வகத்தில் இதைக் கற்பதில் நியாயம் உண்டு. ஆனால் இதற்கும் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். வரலாறு மட்டும் படித்தவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. இரண்டாவது, பணம் உதவித்தொகையாக வர வேண்டும், கடனாக அல்ல. சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை இந்தியர்கள் பிரிட்டனில் படிக்கவும் பயிலவும் உதவித்தொகை தருகிறது. பாரம்பரியப் பாதுகாப்பும் அதன் கீழ் வருகிறது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இந்தியத் தொகுப்புகளுக்காக உள்ள நேரு அறக்கட்டளையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே துறையில் கொஞ்சம் கைவைத்தவர்கள்தான் போட்டியிட முடியும். உள்நாட்டிலேயே லக்னோவில் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, 1976-ல் தொடங்கியது. துறையினருக்கு ஆறு மாதப் பயிற்சி தருகிறது. உங்கள் மகள் பி.எஸ்சி. வேதியியல் படித்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அரசு வேலை எப்போது வரும் என்பது அடுத்த கவலை. வரும்போது வரும். காலியிடம் காலியாகவே கிடக்கும். ஒரு காப்பாட்சியருக்கு இன்னொரு மாவட்டம் ‘கூடுதல் பொறுப்பு’ என்று தலையில் ஏறும். அறிவிக்கைக்குக் காத்திருந்து வயது வரம்பை நெருங்கியவர்கள் இருக்கிறார்கள். 2013-ல் மத்திய தணிக்கைத் துறை நினைவுச்சின்னங்கள், தொல்பொருள்கள் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. பதிவும் சரிபார்ப்பும் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்று அதிலேயே இருக்கிறது. அதைப் பார்த்தாவது ஆளெடுப்பார்கள் என்று நினைத்தோம். ஆகவே உங்கள் மகள் ஒரே அறிவிக்கையை நம்பி உட்கார வேண்டாம். யுஜிசி நெட் தேர்வில் ‘அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும்’ என்பது ஒரு பாடம். அதை எழுதினால் கல்லூரி வழியும் திறக்கும்.

காத்திருக்கும் காலத்தில் வேறொரு கூட்டம் தேடி வரும், அதைப் பற்றியும் எச்சரிக்கிறேன். பழம்பொருள் வியாபாரிகள். ‘இந்தச் சிலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்’ என்பார்கள், கை நிறையத் தருவார்கள். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கி, திருட்டுச் சிலை என்று தெரிந்து 2014-ல் திருப்பித் தந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட விற்பனைகளுக்கெல்லாம் பின்னால், சிலை யார் யார் கைமாறி வந்தது என்று சொல்லும் ‘முன்வரலாறு’ என்ற பெயரில் அழகான காகிதங்கள் இருக்கும். அந்தக் காகிதத்தில் உங்கள் மகளின் கையெழுத்து இருக்கக் கூடாது. நூறு ஆண்டைத் தாண்டிய சிலைகளுக்கு 1972-ன் தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டாலே பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

இந்தக் கோடை விடுமுறைக்கே ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் இராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு காப்பாட்சியரைப் பார்த்து, சில வாரம் பயிற்சியாளராக அனுமதி கேளுங்கள். கண்காட்சிக் கூடத்தில் நிற்க வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டில் வேலை கேட்கச் சொல்லுங்கள். ஒரு பொருள் வந்ததும் அதற்கு எண் கொடுத்து, அளவெடுத்து, எங்கிருந்து வந்தது, எங்கே கீறல், எங்கே ஒட்டு என்று எழுதும் பெரிய பதிவேடு அது. எண்ணைப் பொருளின் மேல் எழுதுவதற்கே ஒரு முறை உண்டு. கண்ணில் படாத, தேயாத இடமாகப் பார்த்து, பாரலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லியதாகத் தடவி, அது காய்ந்தபின் மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். நாளைக்கு எடுக்க வேண்டும் என்றால் பொருளுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். சிலையின் அடிப்பகுதியில் எழுதுவார்கள், ஆனால் அது தரையில் உட்காரும் விளிம்பில் எழுத மாட்டார்கள். இதில் சலிப்பு தட்டாமல் ஒரு மாதம் உட்கார முடிகிறதா என்று பார்க்கட்டும். முடிந்தால் எம்.ஏ.க்கு விண்ணப்பிக்கலாம். சலித்துவிட்டால், 28 லட்சம் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அந்த நிலையத்தில் முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மகளின் அசல் மதிப்பெண் பட்டியலைக் ‘கோப்புக்கு வேண்டும்’ என்று வாங்கி வைத்திருந்தால், பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.