நண்பர் 8.6ங்கிறார், நான் 8.9 எழுதினேன்... மாத்தணுமா?

கேள்வி: எஸ்எஸ் சிக்னிங்கிற, பிரகாசம் மாறிட்டே இருக்கிற நட்சத்திரத்தை மூணு மாசமா சின்ன டெலஸ்கோப்ல பாத்துட்டு வர்றேன். முந்தாநேத்து வரைக்கும் கண்ணுலயே சிக்கல, நேத்து பாத்தா பளிச்னு நிக்குது! நான் பிரகாச எண் 8.9னு எழுதினேன் (நம்பர் குறைஞ்சா பிரகாசம் ஜாஸ்தி), கூட பாத்த நண்பர் 8.6ங்கிறார். நடுவுல ஒரு நம்பரா மாத்தி அனுப்பிடவா? சிக்காத நாளையெல்லாம் என்ன பண்றது?

பதில்: தயவுசெஞ்சு மாத்தாதீங்க. கண்ணால பாத்துப் போடறதுல 0.2, 0.3 முன்னபின்ன வர்றது சகஜம், பத்து பேரும் ஒருத்தரைப் பாத்து எழுதினா ஒரே ஆள் பத்து தடவை எழுதின மாதிரிதான் ஆகும். நட்சத்திர சார்ட்ல பக்கத்து நட்சத்திரங்களுக்கு 85, 91னு இருந்தா அது 8.5, 9.1 (புள்ளி வச்சா அதையும் நட்சத்திரம்னு நினைச்சுடுவோமே), அந்த ரெண்டுக்கும் நடுவுல உங்க நட்சத்திரம் எது பக்கம் சாயுதுன்னு பாத்து உடனே எழுதுங்க, நேரத்தோட. ஒப்பிடற நட்சத்திரம் சிவப்பா இருந்தா உத்துப் பாக்காதீங்க, பாக்கப் பாக்க அது பிரகாசமாயிட்டே போற மாதிரி தெரியும், பட்டுனு பாத்துட்டு கண்ணை எடுத்துடணும்.

சிக்காத நாள்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அன்னிக்கு தெரிஞ்சதுலயே மங்கலான நட்சத்திரம் 11.5னா, "11.5ஐ விட மங்கல்"னு அனுப்புங்க. இது வெண்குள்ளனை (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட சின்ன, அடர்த்தியான மிச்சம்) சுத்தி தட்டு மாதிரி சேர்ற வாயு திடீர்னு சூடாகி கொதிக்கிற கேஸ், சராசரியா ஏழு வாரத்துக்கு ஒரு தடவை, ஒண்ணு ரெண்டு நாள்ல 12லேருந்து 8 கிட்ட ஏறிடும், அதாவது 40 மடங்கு. உங்க "தெரியல" இல்லாட்டி எந்த ராத்திரி ஏற ஆரம்பிச்சுதுன்னு எப்படிச் சொல்றது?

இதோட தூரத்துலயே ஒரு பெரிய குழப்பம் இருந்துச்சு. ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் அளவுப்படி சுமார் 520 ஒளியாண்டு, அவ்வளவு தள்ளி இருந்தா நமக்குத் தெரிஞ்ச கொள்கைக்கு ஒத்துவராத அளவுக்கு அது பிரகாசம். ரேடியோல அளக்கலாம்னா வெடிக்கிறப்போ மட்டும்தான் சிக்னல் போதுமான அளவு வரும், அதனால ஏஏவிஎஸ்ஓங்கிற அமெரிக்க மாறும் நட்சத்திரப் பார்வையாளர் சங்கத்து அமெச்சூர்கள் ராத்திரி ராத்திரியா காவல் இருந்து "ஏறுது"ன்னு சொன்னதும் ரேடியோ டெலஸ்கோப்பைத் திருப்பினாங்க, 2013ல வந்த விடை சுமார் 370 ஒளியாண்டு, கொள்கை தப்பிச்சுது.

அதனால உங்க 8.9 அப்படியே போகட்டும், அவர் 8.6ஐ அவர் பேர்ல அனுப்பட்டும். முந்தாநாள் குறிப்பு நோட்டுல இருந்தா அதையும் இன்னிக்கே சேத்து அனுப்பிடுங்க.