சுவரில் ஒரு பாரதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் மகள் வீடு கட்டியிருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்குப் பாரதியாரின் பழைய புகைப்படத்தை மெட்டல் பிரிண்டாக, அதாவது அலுமினியத் தகட்டில் அச்சடித்த படமாகப் போட்டுக் கொடுக்க ஆசை. கடைக்காரர் படத்துக்குக் கலர் கொடுத்து, முகத்தையும் தெளிவாக்கி ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறார். பெரிதாக, பளபளப்பாகப் போட்டால் ஹாலுக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார். போடலாமா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: தாராளமாகப் போடுங்கள் அம்மா. அந்த மாதிரியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாரதியின் புகைப்படங்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1908 முதல் 1918 வரை அவர் இருந்த புதுச்சேரியில் 1917-இல் எடுத்தவை, 1919-இல் காரைக்குடியில் எடுத்தவை, கடைசிக் காலத்தில் சென்னையில் எடுத்தது, அவ்வளவுதான். காலண்டரிலும் ஆட்டோ முதுகிலும் நாம் பார்க்கும் முறுக்கு மீசைக்காரர் ஓவியர்களின் கைவண்ணம். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது புகைப்படம். அதில் இருப்பது அவர் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம். அதைத் திருத்தத் திருத்த அவர் குறைந்துகொண்டே போவார்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கண்ணாடி நெகடிவ்கள் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. அதனால்தான் டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தால் படத்தில் கறுப்பாக விழும். நீல வானம் வெளுத்துப் போகும். நம் ஊர்த் தோல் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். இந்தக் கறுப்பு வெள்ளையிலிருந்து நிறத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் சொன்னால் அது ஜோசியம்தான். முகத்தைத் தெளிவாக்குவதும் இதே கதை. படத்தில் இல்லாத இமை முடியை அது தானாக நட்டுவைக்கும். நானும் ஸ்டூடியோவில் நெகடிவ் மேல் பென்சில் வைத்துக் கல்யாணப் பெண்களின் பருக்களை மறைத்தவன்தான். ஆனால் அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்வேன். பாரதியை எங்கே போய் எட்டிப் பார்ப்பது? தூசிப் புள்ளியையும் கீறலையும் வேண்டுமானால் எடுக்கச் சொல்லுங்கள். கண், மூக்கு, மீசைப் பக்கம் யாரும் போக வேண்டாம்.

அளவு: 12-க்கு 18 அங்குலம் போதும். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தாலே அதற்கு 1800-க்கு 2700 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் அவ்வளவு தாங்காது. நல்ல பதிப்புப் புத்தகத்தில் வந்த படத்தை ஸ்கேன் செய்து கொடுங்கள். அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் கடையில் 'டிஸ்கிரீன்' போடச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பளபளப்பு வேண்டவே வேண்டாம். மெட்டல் பிரிண்டில் மையை முதலில் ஒரு தாளில் இடவலமாகத் திருப்பி அச்சடிக்கிறார்கள். பிறகு அந்தத் தாளைப் பூச்சு பூசிய அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை அடித்தளம் உள்ள தகடு என்றால் அந்த வெள்ளையே தலைப்பாகைக்கு வெள்ளையாக நிற்கும். வெள்ளித் தளம் என்றால் தலைப்பாகை எவர்சில்வர் டபரா போல மின்னும். போதாததற்கு எதிர் ஜன்னலும் டியூப் லைட்டும் அவர் நெற்றியில் வந்து உட்காரும். ஆகவே வெள்ளைத் தளம், பளபளக்காத மேட் ஃபினிஷ்.

கேள்வி: கடலூர்ச் சிறையில் பாரதியார் இருந்தபோது எடுத்த அபூர்வப் படம் என்று ஒன்றைக் காட்டி விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: வாங்க வேண்டாம். 1918 நவம்பர் 20-ஆம் தேதி புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகி, டிசம்பர் 14-ஆம் தேதி வரை உங்கள் ஊர்ச் சிறையில் இருந்தார் என்பது உண்மை. அறியப்பட்ட படங்கள் எடுத்த ஊர்களை மேலே சொல்லிவிட்டேன். கடலூர் அதில் இல்லை. கம்பிக்குப் பின்னால் அவர் நிற்கிறார் என்றால் கம்பியை யாரோ பிறகு வரைந்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கம். கிரில், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் துருப்பிடிக்கின்றன. மெட்டல் பிரிண்ட் தாங்குமா? (வாசகி, கடலூர்)

பதில்: தகடு தாங்கும். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. உப்புக் காற்றில் வெட்டிய ஓரங்கள் மட்டும் நாளடைவில் வெள்ளை பூக்கலாம். இரும்பு ஆணிதான் வில்லன், அது அழுது சுவரில் காவிக் கோடு இழுக்கும். சுவர்த் துளையில் பிளாஸ்டிக் கிரிப் வைத்து எஸ்.எஸ். (எவர்சில்வர்) ஸ்குரூ போடுங்கள். சுவரில் ஓதம் இருந்தால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு மாட்டுங்கள். நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம், சூட்டில் ஆவியாக்கி இறக்கிய இந்த மை அதில் வெளுக்கும். துடைக்க ஈரமான மெல்லிய துணி போதும். பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. பெரியவர் படம் என்றதும் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கண்ணாடிச் சட்டம் என்றால் துடைத்துவிடலாம். இங்கே கண்ணாடி கிடையாது. மேட் பரப்பில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் பூச்சில் கீறல் விழும், அதற்கு மருந்தில்லை. ஆசைக்கு ஒரு முழம் கதம்பம் போடுங்கள்.

கேள்வி: படத்தின் கீழே கவிதை வரி சேர்க்கலாமா? அனுமதி வாங்க வேண்டுமா? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: அனுமதி தேவையில்லை. 1949-இல் அரசே உரிமையை வாங்கி, பின்னால் எழுத்துகளைப் பொதுவாக்கிவிட்டது. ஆனால் பாரதி எழுதாத வரிகளும் அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் உலா வருகின்றன, புத்தகத்தில் பார்த்து எடுங்கள். என் ருசிக்கு முகத்தின் மேலோ கோட்டின் மேலோ எழுத்து வரக் கூடாது. கீழே தனிப் பட்டையில் ஒரே ஒரு வரி இருக்கலாம். ஃபான்ட் மாறினால் தமிழ் எழுத்து உடையும், அதனால் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிய, அதாவது 'கர்வ்' பண்ணிய ஃபைலாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தகட்டுக்கு ஓகே சொல்லுங்கள்.