முயல் பறித்த வேடம்

கடிதம்

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'ஒயிட் ஹீட்' என்ற பழைய ஹாலிவுட் படத்தைப் பார்த்தேன். அதன் இயக்குநர் ராவுல் வால்ஷ் முதலில் நடிகர் என்றும், விபத்தில் ஒரு கண் போனதால்தான் இயக்கத்துக்கு வந்தார் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் அவர் நடிகராகத் தோற்றவரா?

ர., கும்பகோணம்

பதில்

அன்புள்ள ர.,

காணொளிக்காரர் கதையைத் தலைகீழாக்கிவிட்டார். கண் போனது 1928இல். 1915லேயே வால்ஷ் 'ரீஜெனரேஷன்' எடுத்தாயிற்று. நியூயார்க் சேரித் தெருக்களிலேயே, அங்கே கிடந்த ஆட்களையே நிறுத்தி எடுத்த தாதா படம் அது. அதே வருடம் இயக்குநர் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் லிங்கனைச் சுடும் பூத்தாகவும் வருகிறார். (இனவெறிப் படம்தான், மழுப்ப ஒன்றுமில்லை.)

இயக்குநரான பிறகும் நடிப்பை அவர் விடவில்லை. 1928இல் 'சேடி தாம்ஸன்' படத்தை இயக்கி, குளோரியா ஸ்வான்சனுக்கு ஜோடியாகவும் நடித்தார். அடுத்து 'இன் ஓல்ட் அரிசோனா'. இயக்கமும் நாயகனான கொள்ளைக்காரன் சிஸ்கோ கிட் வேடமும் அவருக்கே என்று முடிவாகியிருந்தது. யூட்டாவில் வண்டியில் போகும்போது ஒரு காட்டு முயல் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. வலது கண் போயிற்று. வேடம் வார்னர் பாக்ஸ்டருக்குப் போனது, ஆஸ்காரும் அவருக்கே. நண்பரான நடிகர் பாரிமோரின் பிணத்தைத் தூக்கிவந்து இன்னொரு நடிகர் எரால் ஃப்ளின் வீட்டில் உட்காரவைத்தோம் என்று கதை சொன்ன மனிதர் வால்ஷ். முயலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அது நடந்தது.

அதன்பின் அவர் நடிக்கவில்லை. ஆனால் 1964 வரை படம் எடுத்தார்.

நடிகராக இருந்தது வீண்போகவில்லை என்பதற்கு நீங்கள் பார்த்த படமே சாட்சி. சிறை உணவுக்கூடம் நினைவிருக்கிறதா? தூரத்தில் புதுக் கைதி ஒருவன். தன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று நாயகன் காக்னி பக்கத்து ஆளிடம் கேட்கச் சொல்கிறார். கேள்வி வாய்வழியாக மேசை நெடுகப் போகிறது, கேமராவும் கூடவே போகிறது. செத்துவிட்டாள் என்ற பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. காக்னி முதலில் முனகுகிறார், அப்புறம் மேசைமேல் ஏறிக் காவலர்களை அடித்துத் துவைக்கிறார். வேறு இயக்குநராக இருந்தால் முகத்தையே பிடித்துத் தொங்கியிருப்பார். வால்ஷ் எட்டப் போய்விடுகிறார். அழுகிற உடம்புக்கு இடம் வேண்டும் என்பது நடித்தவருக்குத் தெரியும்.

அடுத்து 1939இன் 'தி ரோரிங் ட்வென்டீஸ்' பாருங்கள். அதிலும் காக்னிதான், கூடவே போகார்ட்.