வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: மந்தக் காலத்தில் பணம் யார் கைக்கு?

கேள்வி: 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசாங்கம் வேலையில்லாதவர்களுக்கு நேரடியாக வேலை கொடுத்தது. 2020இல் கொவிட் நெருக்கடியின்போது சிங்கப்பூர் ஏன் முதலாளிகளிடம் பணத்தைக் கொடுத்தது? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சில் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது உழைப்பாளிகளில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. காப்பாற்ற வேலையே மிஞ்சாத துறைகள் பல. புதிதாக உண்டாக்கத்தான் வேண்டியிருந்தது. அதிலும் முதலில் தடுமாறினார்கள். 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்ட பொதுப்பணி நிர்வாகம் அணை, பாலம், வரைபடம், டெண்டர் என்று இழுக்க, குளிர்காலம் வந்துவிட்டது. நவம்பரில் தொடங்கிய சிவில் பணி நிர்வாகம் சாலை செப்பனிடுவது, பள்ளிக்கூடம் பழுதுபார்ப்பது என மண்வெட்டி, சுத்தியல் போதுமான வேலைகளை எடுத்தது. இரண்டே மாதத்தில் 40 லட்சம் பேர் கூலி வாங்கினார்கள்.

சிங்கப்பூரில் சாலை போட்டால் மணலும் சிமெண்டும் கப்பலில் வரும். போடுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு ஊழியர்கள். வேலை போன ஹோட்டல் வரவேற்பாளருக்கு அதில் என்ன கிடைக்கும்? அதனால்தான் இருக்கும் வேலையைப் பிடித்துவைக்கப் பணம். 2009இல், உலக நிதி நெருக்கடியின்போது, முதலாளிகளுக்கு உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு கொடுத்தார்கள். 2020 ஏப்ரல், மே சம்பளங்களுக்கு, முதல் 4,600 வெள்ளியில் 75 விழுக்காடு. 3,000 வெள்ளி வாங்குபவருக்காக முதலாளிக்கு 2,250 வெள்ளி கிடைத்தது. விண்ணப்பமே இல்லை, மத்திய சேம நிதிக்கு, அதாவது ஊழியரின் கட்டாயச் சேமிப்புக்கு, மாதாமாதம் கட்டும் சந்தாவை வைத்துக் கணக்கிட்டார்கள். விரைவு அங்கேதான். குறையும் அங்கேதான்: ஒருவரையும் வேலையைவிட்டு நிறுத்தும் எண்ணமில்லாத, கூட்டம் அலைமோதிய பேரங்காடிக்கும் அதே திட்டத்தில் பணம் போனது.

கேள்வி: பெருமந்தத்தின்போது மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு என்ன உதவி கிடைத்தது? – வாசகி, ஈசூன்

பதில்: கப்பல் டிக்கெட். ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். வேலை போன ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். செலவு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்துவைத்த இந்தியக் குடிநுழைவு நிதியிலிருந்து. மலாயாவில் வேலையில்லாதோர் எண்ணிக்கை அப்படித்தான் குறைந்தது! 1934இல், ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு வைத்த அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து விலை தேறிய பிறகு, மறுபடி அதே ஊர்களில் ஆள் எடுத்தார்கள்.