1800 வார்த்தைல ஒரு வாம்பேட் கதை, நாலு பதிப்பகத்துக்கு அனுப்பியாச்சு, பதிலே இல்ல, இனி என்ன பண்றது?

அடிலெய்ட்ல முதியோர் இல்லத்துல நர்ஸா வேலை பாக்குற ஒரு வாசகி கேட்டது இது. ஒரு வாம்பேட் (வளை தோண்டி வாழுற, குண்டான ஆஸ்திரேலிய விலங்கு), மூக்குக் கண்ணாடிய தொலைச்ச ஒரு பாட்டி, இவங்க ரெண்டு பேர வச்சு இங்கிலீஷ்ல ஒரு குழந்தைங்க கதை எழுதிருக்காங்க, 1800 வார்த்தை. நாலு பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாசம் ஆச்சு, ஒருத்தர்கிட்ட இருந்தும் பதில் வரல. நடுவுல ஒரு கம்பெனி மட்டும் "கதை பிரமாதம், 6000 டாலர் கட்டுங்க, நாங்களே போட்டுத் தர்றோம்"னு மெயில் போட்ருக்கு. பணத்த கட்டலாமா, சொந்தமா ஒரு ஓவியர பிடிச்சு படம் வரைஞ்சு அனுப்பட்டுமா, வேலைய விட்டுட்டு முழு நேரமா எழுதினாத்தான் நடக்குமா? இதான் அவங்க கேள்வி.

முதல்ல அந்த 6000 டாலர கட்டாதீங்க. எழுதுனவங்ககிட்ட காசு வாங்கிட்டு புக் போடுற கம்பெனிக்கு அந்த புக் வித்தா என்ன விக்காட்டி என்ன, அவங்க லாபம் உங்க கைல இருந்தே வந்துடுது. நல்ல பதிப்பகம்னா உங்களுக்குத்தான் முன்பணம் குடுக்கும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எந்த ஒப்பந்தத்தையும் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்துல காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, 1963ல இருந்து இருக்குற அமைப்பு அது, இந்த மாதிரி விஷயத்துக்குன்னே இருக்காங்க.

இனி கதைக்கு வர்றேன். உங்க ஊர்லயே இருக்குற ஒருத்தரோட வாழ்க்கையதான் இதுக்கு பதிலா சொல்லப் போறேன், ஏன்னா நீங்க இப்ப நிக்கிற இடத்துல அவங்க அஞ்சு வருஷம் நின்னாங்க. குழந்தைங்க புக் எழுதுற மெம் ஃபாக்ஸ். உங்க பிள்ளைங்க ஸ்கூல் லைப்ரரில கண்டிப்பா அவங்க புக் இருக்கும்.

மெல்போர்ன்ல 1946ல பொறந்தவங்க, ஆனா வளர்ந்தது ஆப்பிரிக்காவுல, இப்ப ஜிம்பாப்வேன்னு சொல்றோமே, அப்ப ரொடீஷியா, அங்க ஒரு மிஷன்ல. அப்பா அம்மா ரெண்டு பேரும் மிஷனரி. அந்த மிஷன் ஸ்கூல்ல இவங்க ஒருத்தர்தான் வெள்ளக்கார பிள்ளை. தினம் பைபிள் வாசிக்கிறத கேட்டு வளர்ந்த காது, அப்புறம் 1965ல லண்டன் போயி நாடகம் படிச்சாங்க. 1970ல கணவரோட அடிலெய்ட் வந்து, நாடக ஆசிரியர், காலேஜ் லெக்சரர்னு வேலை. 1978ல, வயசு 32, வீட்ல சின்ன பொண்ணு, வேலை ஒரு பக்கம், ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்துல குழந்தைகள் இலக்கியம்னு ஒரு கோர்ஸ்ல சேர்றாங்க, அந்த கோர்ஸுக்கு ஒரு அசைன்மெண்ட்டா ஒரு கதை எழுதிக் குடுத்தாங்க. ஹஷ்னு ஒரு எலி, யார் கண்ணுக்கும் தெரியாத எலி.

அந்த எலிக் கதைய ஒன்பது பதிப்பகம் வேணாம்னு சொல்லிச்சு. ஒன்பது! அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. கடைசில அடிலெய்ட்ல இருந்த ஆம்னிபஸ்னு ஒரு சின்ன பதிப்பகம் எடுத்துக்குச்சு, அதுவும் சும்மா எடுக்கல, மூணுல ரெண்டு பங்க வெட்டுங்க, எலி வேணாம் போசம் (மரத்துல வாழுற ஒரு சின்ன ஆஸ்திரேலிய விலங்கு) ஆக்குங்க, கதைய இன்னும் ஆஸ்திரேலியாவா ஆக்குங்கன்னு கேட்டாங்க. அவங்க வெட்டுனாங்க. மூணு பக்கம் இருந்தா ரெண்டு பக்கம் காலி, அஞ்சு வருஷம் கட்டிக் காப்பாத்துன வரிங்க எல்லாம் போச்சு, யோசிச்சுப் பாருங்க எவ்ளோ வலிச்சிருக்கும்னு. அந்த கதைதான் 1983ல 'போசம் மேஜிக்'னு வந்துச்சு, ஆஸ்திரேலியாவுலயே அதிகமா வித்த படப்புத்தகம்னு இன்னிக்கும் அததான் சொல்றாங்க. குட்டி போசமும் பாட்டியும் ஊர் ஊரா போயி அந்தந்த ஊர் தின்பண்டத்த சாப்பிட்டுப் பாக்குறாங்க, டார்வின்ல வெஜிமைட் சாண்ட்விச், பெர்த்ல பாவ்லோவா, ஹோபார்ட்ல லாமிங்டன், இப்டி சாப்பிட சாப்பிட அந்த குட்டி மறுபடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்குது. எலியாவே இருந்திருந்தா, உலகத்துல எந்த ஊர்லயும் நடக்குற கதையாவே இருந்திருந்தா இவ்ளோ ஒட்டிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

அதனால உங்க கதைக்கு பதில் வராததுக்கு காரணம் கதை மோசம்னு நினைக்காதீங்க, நீங்க அனுப்புனத முழுசா படிச்சேன், பாட்டியும் வாம்பேட்டும் நல்லா இருக்காங்க. 1800 வார்த்தைதான் பிரச்சனை. படப்புத்தகம்னா பெரும்பாலும் 32 பக்கம், இப்பல்லாம் 500 வார்த்தைக்கு உள்ளதான் கேக்குறாங்க. நானும் பதினஞ்சு வருஷமா இந்த எடிட்டிங் வேலை பாக்குறேன், மேல வார்த்தை எண்ணிக்கைய பாத்ததுமே தள்ளி வைக்கிற கதைங்கதான் ஜாஸ்தி, உள்ள தங்கமே இருந்தாலும்.

எப்டி வெட்டுறது? எட்டு ஏ4 பேப்பர ஒண்ணா வச்சு நடுவுல மடிங்க, 32 பக்கம் கைல இருக்கும். தலைப்பு, பதிப்புரிமை பக்கம் இதெல்லாம் போக விரிச்சு வச்சா ஒரு பன்னெண்டு பதினாலு விரிப்பு (எதிரெதிரா இருக்குற ரெண்டு பக்கம் ஒரு விரிப்பு) கதைக்கு மிச்சம். உங்க கதைய பிரிண்ட் எடுத்து, கத்தரிச்சு, அதுல ஒட்டிப் பாருங்க. ஒரு விரிப்புல எட்டு வரிக்கு மேல ஒட்ட வேண்டி வந்தா படம் எங்க போகும்? உங்க ரெண்டாவது பாராவ தமிழ்ல சொல்லிப் பாக்குறேன்: "பழுப்பு கலர்ல குண்டா இருந்த அந்த வாம்பேட் மெதுவா வளைக்குள்ள இருந்து வெளிய வந்து சுத்தும் முத்தும் பாத்துச்சு, வேலி ஓரமா பாட்டி ரொம்ப சோகமா முகத்த தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க." இதுல பழுப்பு, குண்டு, வேலி, சோகம் எல்லாமே படம் சொல்லிடும். நீங்க சொல்ல வேண்டியது இவ்ளோதான்: "வாம்பேட் எட்டிப் பாத்துச்சு. பாட்டி பேசல." அவ்ளோதான், பக்கத்த திருப்ப வைக்குது பாருங்க.

வெட்டுனதுக்கு அப்புறம் சத்தமா படிங்க, நாக்கு எங்க தடுக்குதோ அங்க ஏதோ தப்பு. நாடகம் படிச்சவங்கங்குறதால மெம் ஃபாக்ஸ் கிட்ட இந்த காது ரொம்ப கூர்மை, 2004ல வந்த 'வேர் இஸ் த க்ரீன் ஷீப்' எடுத்துப் பாருங்க, 200 வார்த்தைகூட இருக்காது, ரெண்டு வயசு பிள்ளை மறுநாளே மனப்பாடமா சொல்லுது. உங்க பிள்ளைங்கள விட்டு படிக்கச் சொன்னாலும் சரி, அவங்க எந்த இடத்துல நெளியிறாங்கன்னு பாத்துக்கோங்க.

ஓவியர் விஷயம். சொந்தமா காசு குடுத்து வரைய வேணாம், பதிப்பகம்தான் ஓவியர தேடும், அவங்களுக்கு அதுல ஒரு கணக்கு இருக்கும். 'போசம் மேஜிக்'குக்கு ஜூலி விவாஸ் வரைஞ்சாங்க, கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிய படத்துல எப்டி காட்டுறது, அவங்க வெறும் வெளிக்கோட்டுல காட்டுனாங்க, எந்த எழுத்தாளரும் முன்கூட்டி சொல்லிக் குடுக்க முடியாத விஷயம் அது. பச்சை ஆடு கதைல இன்னும் அழகு, ஜூடி ஹோராசெக் வரைஞ்ச ஒரு பச்சை ஆட்ட பாத்து மெம் ஃபாக்ஸுக்கு பிடிச்சுப்போயி அதுல இருந்துதான் புக்கே பொறந்துச்சு. வழக்கமா ராயல்டி, அதாவது விக்கிற ஒவ்வொரு புக்குலயும் கிடைக்கிற பங்கு, பத்து சதவீதம்னா எழுதுனவங்களுக்கு அஞ்சு, வரைஞ்சவங்களுக்கு அஞ்சு, 25 டாலர் புக்ல உங்களுக்கு ஒன்னேகால் டாலர்.

இந்த கணக்குலயே வேலைய விடலாமாங்குறதுக்கு பதில் இருக்கு. விடாதீங்க. மெம் ஃபாக்ஸே அந்த பெரிய வெற்றிக்கு அப்புறம் 13 வருஷம் ஃப்ளிண்டர்ஸ்ல எழுத்தறிவுக் கல்வி சொல்லிக் குடுத்துட்டுதான் இருந்தாங்க, 1996லதான் வேலைய விட்டாங்க. புக் வந்ததுக்கு அப்புறம் லைப்ரரிங்கள்ல உங்க புக் இருக்குறதுக்காக அரசாங்கம் எழுத்தாளருக்கு தர்ற தொகை ஒண்ணு இருக்கு, பொது நூலகத்துக்கு ஒரு திட்டம், கல்வி நூலகத்துக்கு ஒரு திட்டம், நாமதான் பதிவு பண்ணனும், நிறைய பேர் இத விட்டுடுறாங்க.

இன்னொன்னு, இது உங்களுக்காகவே சொல்றேன். 1984ல மெம் ஃபாக்ஸ் ஒரு புக் எழுதுனாங்க, தலைப்பே அவங்க அப்பாவோட பேர், வில்ஃப்ரிட் கார்டன் மெக்டொனால்ட் பார்ட்ரிட்ஜ். பக்கத்து முதியோர் இல்லத்துல ஞாபகம் போயிட்ட நான்சி பாட்டிக்கு ஒரு சின்னப் பையன் ஒரு கூடைல பொருள் எடுத்துட்டு போறான், அதுல ஒண்ணு கோழிக்கு அடில இருந்து அப்பத்தான் எடுத்த சூடான முட்டை. பாட்டி அத கைல வாங்குறாங்க, எப்பவோ அத்தை தோட்டத்துல ஒரு பறவைக் கூட்டுல பாத்த புள்ளி போட்ட நீல முட்டை ஞாபகம் வந்துடுது. அங்க பாட்டியோட நோய் பத்தி ஒரு விளக்கமும் இல்ல. அந்த சூடு மட்டும்தான். நீங்க தினம் தினம் அந்த கைங்கள தொட்டு வேலை பாக்குறவங்க. உங்க கதைல கண்ணாடிய கண்டுபிடிச்சுக் குடுக்குற இடத்துல பாட்டி எப்டி உணர்ந்தாங்கன்னு நாலு வரி எழுதிருக்கீங்களே, அத எடுத்துட்டு, கண்ணாடிய மாட்டுறப்ப அவங்க விரல் என்ன பண்ணும்னு ஒரே வரி எழுதுங்க, அது உங்களுக்குத்தான் தெரியும்.

450 வார்த்தைக்கு கொண்டு வாங்க, ஒரு மாசம் மூடி வச்சுட்டு மறுபடி சத்தமா படிங்க, அப்புறம் ஒவ்வொரு பதிப்பகத்தோட வெப்சைட்லயும் எப்ப கதை வாங்குறாங்கன்னு பாத்து அனுப்புங்க, சில இடத்துல மாசத்துல ஒரு நாள்தான் திறந்திருக்கும். மூணு மாசம் பதில் இல்லன்னா இல்லன்னுதான் அர்த்தம், அடுத்தவங்களுக்கு அனுப்பிடுங்க. உங்களுக்கு இப்பதான் நாலு முடிஞ்சிருக்கு.