நிப்பிள் வைத்தால் தாய்ப்பால் வற்றிவிடுமா?

20 நாள் குழந்தை, பால் குடித்த பிறகும் அழுகிறது, மாமியார் சூப்புகிற நிப்பிள் வாங்கி வந்திருக்கிறார், வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிப்பிள் நேரடியாகப் பாலை வற்ற வைக்காது. ஆனால் பசிக்கிற நேரத்தில் அதை வாயில் வைத்தால் அந்த வேளைப் பால் போய்விடும், அப்படி வேளைகள் தவறத் தவறச் சுரப்பும் குறையும்.

எனக்கு அதுதான் நடந்தது. பிரசவத்துக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன், 10ஆம் நாள் அம்மா எம்.சி. ரோட்டில் ஒரு நிப்பிள் வாங்கி வந்தார். வாயில் வைத்ததும் பிள்ளை அடங்கிவிட்டான், நானும் அசதியில் தூங்கிவிடுவேன். 18ஆம் நாள் எடை பார்த்தால் பிறந்தபோது இருந்த 2.8 கிலோவைக்கூட இன்னும் எட்டவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான்?" என்று நர்ஸம்மா கேட்டார். மாடிக் கொடியில் காயப்போட்டதை மனதுக்குள் எண்ணினேன், நாலுதான். குறைந்தது ஆறு இருக்க வேண்டும்மா என்றார்.

அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: அழுகை பசியின் கடைசி அடையாளம், அதற்கு முன்பே குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடும், சப்புக்கொட்டும். நிப்பிள் வாயில் இருந்தால் இது எதுவுமே நம் கண்ணில் படாது. நிப்பிளை எடுத்து வைத்துவிட்டு, ராத்திரியும் சேர்த்து நாளைக்கு 8 முதல் 12 தடவை மார்பில் போட்டேன், அடுத்த வாரமே எடை ஏறியது.

அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். முன்பு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிளே கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் மருத்துவமனைகளுக்குச் சொல்லியிருந்தது, 2018இல் அதை மாற்றி, அதன் அபாயங்களைத் தாய்க்கு விளக்கச் சொன்னது. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த, அம்மாவும் தாய்ப்பால் கொடுப்பதில் உறுதியாக இருக்கிற குழந்தைகளிடம் 4 மாதம் வரை நிப்பிளால் தாய்ப்பால் குடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பால் நன்றாகப் பிடிபட்ட பிறகு தூங்கும்போது கொடுக்கலாம், அது தூக்கத்தில் ஏற்படும் திடீர் மரண அபாயத்தைக் குறைக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது.

தேனில் தொட்டு மட்டும் யாரையும் வைக்க விடாதீர்கள், ஒரு வயது வரை தேனே கூடாது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடவும் கூடாது.

இப்போதைக்கு நனைந்த துணியை எண்ணுங்கள், நாளைக்கே போய் எடை பாருங்கள். இரண்டும் சரி என்றால் குழந்தை தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அழுகிறதோ என்னவோ. குறைவாக இருந்தால் நிப்பிளைத் தள்ளி வைத்துவிட்டு மார்பில் போடுங்கள், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.